பெட்டியில் 'துருப்பிடிக்காது' என்று போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம் 23 வருடமாகக் கார் வொர்க்‌ஷாப் நடத்தி வருகிறேன். கடையின் பின்வாசலில் நின்று பார்த்தால் உப்பளம் தெரியும். கடல்காற்று அடிக்கிற நாட்களில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கை பிசுபிசுக்கும். பழைய ஸ்பானரை ராத்திரி எண்ணெய்த் துணியில் துடைக்காமல் போட்டுவிட்டுப் போனால், விரல் பட்ட இடமெல்லாம் மறுநாள் துருவாகத் தெரியும். துரு எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் துருப்பிடிக்காத பிரேக் டிஸ்க் என்று இப்போது கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கிறார்களே, அந்த விஷயத்தில் நன்றாக விசாரித்து வாங்குகிறவர்கள்கூடக் குழம்பிப் போகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு, பிரேக் மிதித்தால் பேடு என்ற உரசுகட்டைகள் இருபுறமும் அதை நெருக்கித்தான் வண்டியை நிறுத்துகின்றன.

மூன்று வாரத்துக்கு முன்னால் பக்கத்துத் தெரு டீச்சரம்மா ஒருவர் ஆன்லைனில் வாங்கிய முன்சக்கர டிஸ்க் இரண்டைப் பெட்டியோடு கொண்டுவந்தார். பெட்டியில் பெரிய எழுத்தில் 'துருப்பிடிக்காது' என்று போட்டிருந்தது. மாட்டிக் கொடுத்தேன். நான்காம் நாள் காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நிற்கிறார். முந்தின நாள் ராத்திரி மழை. போனை நீட்டினார். படத்தில் அலாய் வீல் இடுக்கு வழியாக டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறம்.

"அண்ணாச்சி, சாதா டிஸ்க்கை விட ஒண்ணுக்கு எழுநூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன். ஏமாத்திட்டாங்களா?"

"வண்டியை உள்ள விடுங்க டீச்சர், வீலைக் கழற்றியே காட்டுதேன்" என்றேன்.

ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். வீட்டிலிருந்து கடை வரை ஓட்டிவந்து நாலைந்து தடவை பிரேக் மிதித்ததிலேயே ஆரஞ்சு நிறம் போய், பேடு உரசுகிற முகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. குனிந்து மற்ற இடங்களைப் பார்க்கச் சொன்னேன். சக்கரம் மாட்டுகிற ஹப்பின் மேல் உட்காருகிற தொப்பி மாதிரியான நடுப்பகுதி, வெளி விளிம்பு, இரண்டு தட்டுக்கு நடுவே காற்று போகிற இடுக்குகள் எல்லாம் சாம்பல் நிறப் பூச்சோடு பெட்டியில் இருந்தபடியே இருந்தன. அப்புறம் மூலையில் கிடந்த அவருடைய பழைய டிஸ்க்கை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். நாலு வருடம் ஓடியது. தொப்பிப் பகுதியை நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விளிம்பில் துரு தடித்து, பேடு உட்காருகிற அகலத்திலேயே கொஞ்சத்தைத் தின்றிருந்தது. காற்று இடுக்குகளில் சில பாதி அடைத்துக் கிடந்தன.

"அப்போ நான் கொடுத்த எழுநூறு இந்தத் தொப்பிக்கும் விளிம்புக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். "அதைப் பெட்டியில் போட்டிருந்தா நான் ஏன் காலங்காத்தால ஓடி வரப்போறேன்?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம்.

பேடு உரசுகிற முகத்தில் எந்தச் சாதாரணப் பூச்சும் நிற்காது. முதல் சில கிலோமீட்டரிலேயே பேடு அதைச் சுரண்டி எடுத்துவிடும். எடுக்கவும் வேண்டும், அப்போதுதான் பிரேக் சரியாகப் பிடிக்கும். அதற்குப் பிறகு அந்த முகம் வெறும் வார்ப்பிரும்பு. மழையில் நனைந்தால் சில மணி நேரத்தில் ஆரஞ்சு ஏறும், வண்டி ஓடினால் போகும். அதைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். அந்தக் கூடுதல் காசு வேலை செய்வது பேடு தொடாத இடங்களில்தான். அந்த இடங்களில் பூச்சு இருப்பதும் இல்லாததும் எங்கள் ஊரில் பெரிய வித்தியாசம்.

இதைச் சொன்னதும் வாடிக்கையாளர்கள் கேட்கிற அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம். பைக்கில் டிஸ்க் பளபளவென்று இருக்கிறதே, அதே துருப்பிடிக்காத எஃகில் காருக்கும் செய்யக் கூடாதா? செய்யலாம். ஆனால் காருக்கு வார்ப்பிரும்பையே எல்லோரும் வைத்திருப்பதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற வேலை. 1,200 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால், அந்த ஒரு நிறுத்தத்தில் பிறக்கிற சூடு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கிற நிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதில் பெரும்பங்கை முன்சக்கர டிஸ்க் இரண்டும்தான் வாங்கிக்கொள்கின்றன. வார்ப்பிரும்பில் கார்பன் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அது கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கிறது. அந்தச் செதில்கள்தான் சூட்டைச் சீக்கிரம் கடத்துகின்றன, அதிர்வையும் அடக்குகின்றன. எஃகுத் தட்டைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், வார்ப்பிரும்பு சீக்கிரம் அடங்கிவிடும். பிரேக்கில் கீச்சென்ற சத்தம் குறைவாக இருப்பதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம். துருப்பிடிக்காமல் இருக்க எஃகில் குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் சேர்க்க வேண்டும். சேர்த்தால் துரு நிற்கும், ஆனால் சூடு கடத்துவது வார்ப்பிரும்பில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பைக் எடை குறைவு. அதன் டிஸ்க் நாலைந்து மில்லி தடிமனில் வெட்டவெளியில் காற்று பட்டுக்கொண்டே சுற்றுகிறது, அதனால் சமாளிக்கிறது. பயணிகளும் சாமானுமாகக் கொடைக்கானல் மலையில் இறங்குகிற காருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆக, காருக்குத் துருவைத் தடுக்கிற வழியெல்லாம் வார்ப்பிரும்பின் மேல் என்ன செய்வது என்பதுதான். அதில் மலிவானது வெறும் பெயின்ட். அதைத் 'துருப்பிடிக்காத டிஸ்க்' என்று விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். நானே அதில் அடிபட்டிருக்கிறேன். சில வருடத்துக்கு முன்னால் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் கருப்புப் பூச்சு போட்ட டிஸ்க் ஆறு செட் வாங்கினேன். விலை மலிவு, பார்வைக்கு அழகு. ஒரு மழைக்காலம் தாண்டியதும் மூன்று வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. கழற்றிப் பார்த்தால் தொப்பியின் உள்பக்கம், ஹப்பில் உட்காருகிற முகத்திலும் பெயின்டைத் தடிமனாக அடித்திருக்கிறார்கள். அது கொப்பளித்துச் செதிலாக எழும்பி, அதன் அடியில் துரு பிடித்து, டிஸ்க்கைக் கோணலாக உட்கார வைத்துவிட்டது. மூன்று பேருக்கும் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். அந்த வியாபாரி பிறகு போனை எடுக்கவில்லை.

இந்த உட்காருகிற முகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் துரு உண்மையில் கெடுதல் செய்கிற இடம் இதுதான். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு காகிதத் தடிமன் அளவுக்குப் பொருக்கு இருந்தாலே போதும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. ஓட ஓட டிஸ்க் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் மிதிக்கும்போது கால் துடிக்கும், ஸ்டியரிங் ஆடும். 'டிஸ்க் பெண்டாகிவிட்டது' என்று சொல்லிப் புது டிஸ்க் விற்பார்கள். புதுசை அதே துருப்பிடித்த ஹப்பில் மாட்டினால் அதுவும் அதே கதிக்கு வரும். என் கடையில் டிஸ்க் மாற்றும்போது ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் தம்பிகளை மாட்ட விடுவேன். டிஸ்க் கோணலாகச் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்து ஒரு சுற்றுச் சுற்றியும் பார்ப்பேன். இதற்குக் கூடுதலாக ஒரு சக்கரத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். வாசகர்கள் தங்கள் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த வகை, துத்தநாகமும் அலுமினியமும் செதில்களாகக் கலந்த சாம்பல் நிறப் பூச்சு. டீச்சரம்மா வாங்கியது இந்த வகை. இதில் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது. சின்னக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் சீக்கிரம் துரு பரவாது. பூச்சும் மிக மெல்லியது, அதனால் ஹப்பில் ஒழுங்காக உட்காரும். எங்கள் ஊர்க் காற்றில் இதன் தரத்தை 2023 டிசம்பரில் கண்ணால் பார்த்தேன். அந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் கார்கள் நாள்கணக்காகத் தண்ணீரில் நின்றன. வடிந்த பிறகு என் கடைக்கு வந்தவற்றில் ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே தெருவில் நின்ற வண்டிகள் இரண்டு. ஒன்றில் சாம்பல் பூச்சு டிஸ்க், அதற்கு முந்தின வருடம் நான் மாட்டியது. ஸ்க்ரூவைக் கழற்றிக் கையால் இழுத்தேன், வந்துவிட்டது. மற்றதில் சாதா டிஸ்க், ஹப்போடு ஒட்டிப்போய்ச் சுத்தியலுக்கும் அசையவில்லை. தொப்பியில் இருக்கிற இரண்டு மரைத் துளைகளில் போல்ட்டை ஏற்றி, மாற்றி மாற்றி இறுக்கிக் கிளப்ப வேண்டியிருந்தது. ஒரு துளையில் மரையும் துருவில் போய்விட்டது. அரை நாள் வேலை. அந்தக் கூலிக்குப் பூச்சு போட்ட டிஸ்க்கே வாங்கியிருக்கலாம்.

இதற்கு மேலே ஒரு வகை இருக்கிறது. டிஸ்க்கை 500 டிகிரிக்கு மேல் சூடான உலையில் வைத்து, நைட்ரஜனையும் கார்பனையும் இரும்பின் மேல்தோலுக்குள் ஏற்றிவிடுவது. நாரத்தங்காயில் உப்பு ஏறுகிற மாதிரி அது இரும்போடு இரும்பாக ஏறிவிடுகிறது. அதனால் பேடு உரசுகிற முகத்திலும் நிற்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2008 வாக்கிலேயே சில கார்களில் இதைக் கொண்டுவந்தது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள், எங்களுக்குக் காற்றே அதைச் செய்கிறது. இதற்கும் குறை உண்டு. அந்தத் தோல் நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். லேத் மெஷினில் வைத்து ஒரு தடவை முகத்தைச் சீவினால் போயே போச்சு. புதிதில் பேடு பழகவும் கொஞ்சம் நாளாகும், அதுவரை மிதி சற்று மந்தமாக இருக்கும். ஜெர்மனியில் போர்ஷே, டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பூச்சை உரசுகிற முகத்திலேயே போட்டு 2017-இல் காட்டியது. கார்பன் செராமிக் டிஸ்க் துருவே பிடிக்காது, விலை லட்சங்களில். இவையெல்லாம் என் கடைக்கு வருகிற வண்டிகளுக்குச் சம்பந்தம் இல்லை.

இனி யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம் என்பதற்கு வருகிறேன். என்னிடம் வருகிற டாக்ஸி தம்பி ஒருவர் வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் திருச்செந்தூருக்கும் ஓய்வில்லாமல் ஓட்டுகிறவர். அவர் வண்டியின் டிஸ்க் புதுசில் 22 மில்லி, 20-க்கு வந்தால் மாற்ற வேண்டும். அந்த எண்ணை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்குள் தேய்ந்து அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. துரு தின்ன அங்கே நேரமே இல்லை. அவருக்குத் தரமான சாதா டிஸ்க் போதும் என்று நானே சொல்லி, கூடுதல் காசை நல்ல பேடில் போடச் சொன்னேன்.

நின்றே கிடக்கிற வண்டிக்குத்தான் ஆபத்து. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சென்னையில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். கார் வீட்டு முன்னால் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்றது. வண்டியை எடுத்தபோது டம்மென்று ஒரு சத்தம், அப்புறம் நகர்ந்தது. மெதுவாக ஓட்டிக் கடைக்குக் கொண்டுவந்தார். கழற்றினால், முன்சக்கரத்தில் ஒரு பேடின் உரசுகிற பகுதி அதன் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்து, அப்படியே டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டுக்கும் அதற்கும் நடுவில் துரு புகுந்து மெல்ல மெல்ல நெம்பியிருக்கிறது. பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் இருக்கிற டிரம்மும், அதன் உள்ளே உரசுகிற ஷூவும் ஒட்டிக் கிடந்தன. கடைக்கு வருகிற வழியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடியிருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் இல்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, டிஸ்க்குக்குப் பூச்சு போட்டிருந்தாலும் இந்தப் பேடு பிரிந்திருக்கும். துருப்பிடிக்காத டிஸ்க் வாங்கியவர்கள் பிரேக்கையே மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் அதன் மிகப் பெரிய பாதகம் என்று நான் நினைக்கிறேன். பேடுக்கும், பேடை நெருக்குகிற காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னுக்கும் துரு பிடிக்கும். டிஸ்க் மட்டும் சாம்பல் நிறத்தில் அழகாக இருக்கும்.

அதனால் கடலோரத்தில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியைக் கழுவினால் உடனே நிறுத்தாதீர்கள், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நாலைந்து தடவை பிரேக் மிதித்து ஈரத்தைக் காயவிட்டு நிறுத்துங்கள். வாரக்கணக்கில் ஊருக்குப் போனால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஸ்லைடு பின்னைக் கழற்றி அதற்குரிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் ஓடுகிற வண்டி என்றால் துத்தநாகப் பூச்சு டிஸ்க்கை யோசிக்காமல் வாங்கலாம்.

மின்கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பிவிடுகிறது, பேடுக்கு வேலையே வருவதில்லை. தினமும் ஓடினாலும் டிஸ்க் நின்றுகிடக்கிற வண்டியின் டிஸ்க் மாதிரிதான். இதைத் தெரிந்துதான் ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3 காரில் பின்சக்கரத்துக்கு மூடிய டிரம்மையே வைத்தது. எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையிலேயே 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலை திறந்திருக்கிறார்கள். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே மின்கார்கள் பெருகப் போகின்றன. டிஸ்க் பூச்சு என்பது இனி வசதிக்காகக் கேட்கிற பொருளாக இருக்காது. மோட்டாரே வேகத்தைக் குறைக்கிற அந்த ரீஜென் அளவை வாரம் ஒரு நாள் குறைத்து வைத்துவிட்டு நாலு தடவை நன்றாக மிதியுங்கள் என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

இப்போது என் கோரிக்கை. பெட்டியில் 'துருப்பிடிக்காது' என்று மொட்டையாகப் போடுவதை நிறுத்த வேண்டும். பூச்சு பெயின்டா, துத்தநாகமா, உலையில் ஏற்றியதா என்று எழுத வேண்டும். உரசுகிற முகத்தில் அது நிற்குமா நிற்காதா என்று எழுத வேண்டும். உப்புப்பனிச் சோதனை என்று ஒன்று இருக்கிறது, 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக்கரைசலைப் பனிமாதிரித் தெளித்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த மணி நேரத்தையும் பெட்டியில் போட வேண்டும். இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. புதிய பாம்பன் பாலத்தில் எந்தக் கம்பி, எந்தப் பூச்சு என்று ஊருக்கே சொல்லித்தான் கட்டினார்கள். அதே கடல்காற்றில் நிற்கிற எங்கள் காரின் பிரேக்குக்கு என்ன பூசியிருக்கிறது என்று கேட்பது அதிகப்படி இல்லையே.

அரசுக்கும் ஒரு வார்த்தை. காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்மிடம் இருக்கிறது. எந்த ஊரில் இரும்பு எவ்வளவு அரிக்கும் என்று இந்தியாவுக்கே வரைபடம் போட்டவர்கள். மண்டபத்திலும் எங்கள் தூத்துக்குடியிலும் அவர்களுக்கு மையங்கள் உண்டு. சந்தையில் விற்கிற பத்து வகை டிஸ்க்கை வாங்கி, ஒரு வருடம் எங்கள் கடல்காற்றில் தொங்கவிட்டு, எது தாங்கியது என்று தமிழில் ஒரு பக்கம் வெளியிட்டால் ராமேசுவரத்திலிருந்து பழவேற்காடு வரை கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் உதவும். என் போன்ற மெக்கானிக்குகளுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும், வியாபாரி சொன்னதை நம்பி ஆறு செட் வாங்க வேண்டியிருக்காது.

டீச்சரம்மா அந்த டிஸ்க்கையே வைத்துக்கொண்டார். கழற்றியபோது தொப்பிப் பகுதியை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன், தேதியோடு. பழைய டிஸ்க்கையும் எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் மழை முடிந்து சர்வீசுக்கு வரும்போது அதே இடத்தை மறுபடி படம் எடுத்து, மூன்று படத்தையும் சேர்த்துத் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கார் பணிமனை நடத்துபவர்,
முத்தையாபுரம், தூத்துக்குடி.